தூணோரத்து வெளிச்சம்

அமாவாசைக்கு அமாவாசை எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் காக்கைக்குச் சோறு வைப்பார்கள். நான் கேமரா ப்ளாஷ்களுக்குக் கரண்ட் ஏற்றுவேன். அலமாரியின் கீழ்த்தட்டில் பழைய பட்டுத் துண்டுகளில் சுற்றி வைத்திருப்பதை ஒவ்வொன்றாக எடுத்து, துடைத்து, பாயில் வரிசையாக வைப்பேன். வெள்ளிக் கிண்ணம் போல வாய் வைத்த பெரிய ப்ளாஷுக்குத்தான் முதல் மரியாதை. சுவிட்சைத் தள்ளினால் காதோரம் கொசு வருவது போல மெல்ல ஒரு சத்தம் கிளம்பும். அது ஏறி ஏறி, இனி ஏற இடமில்லை என்கிறபோது முதுகில் ஒரு விளக்கு குன்றிமணி போலச் சிவப்பாக எரியும். தயார் என்று அர்த்தம். அப்போது சுவரைப் பார்த்து ஒருமுறை அடித்துவிட்டு அணைத்துவிட வேண்டும். அப்படி அவ்வப்போது உயிர் கொடுக்காவிட்டால் உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற பாகம் செத்துப்போகும். வேலூரில் ப்ளாஷ் ரிப்பேர் செய்த பாய் எனக்குச் சொன்னது இது. "சும்மா வெச்சாலே செத்துடும்மா, மனுசன் மாதிரிதான்" என்பார். அமாவாசை என்று வைத்துக்கொண்டால் மறக்காது என்பதால் நானாக ஏற்படுத்திக்கொண்ட வழக்கம்.

போன மாதம் அப்படி அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் என் அண்ணன் மகன் வந்தான். ஆரணி பஜாரில் அவன் அப்பா வைத்திருந்த ஸ்டுடியோவை இடித்துப் பெரிதாகக் கட்டியிருக்கிறான். உள்ளே நுழைந்ததும் ஒரு கண்ணாடி அலமாரி. அதில் அப்பாவின் கேமரா, அப்பாவின் மூக்குக்கண்ணாடி, அப்பாவுக்குப் போர்த்திய சால்வை. நடுவில் ஓர் இடம் காலியாக இருக்கிறதாம். அந்த இடத்துக்கு இந்தக் கிண்ண ப்ளாஷ் வேண்டும் என்று கேட்டான். கீழே வைக்கப்போகிற அட்டையைச் செல்போனில் காட்டினான். மூன்றாம் வகுப்போடு நின்ற படிப்பு என்னுடையது, எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கூட்டிப் படித்தேன். 'நிறுவனர் பயன்படுத்திய ப்ளாஷ்' என்று இருந்தது. "சொல்றேன் போ" என்று அனுப்பிவிட்டேன். அந்த அட்டை எனக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்காரர் இறந்தபோது எனக்கு இருபது வயதுகூட நிறையவில்லை. முள்ளிப்பட்டில் வாழ்க்கைப்பட்ட வீட்டிலிருந்து அண்ணன்தான் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார். "என் தட்டுல பாதி உனக்கு" என்றார். சாகும்வரை அந்தப் பேச்சை மீறவில்லை. ஒரு நாள்கூட என்னை அதட்டியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றதைக் கேட்டுவிட்டு அவரைக் கெட்டவர் என்று யாராவது நினைத்தால் அது எனக்குத்தான் அவமானம். கெட்டவர் மேல் கோபப்படுவது சுலபம், பட்டு முடித்துவிடலாம். என் கோபம் இன்னும் முடியாமல் கிடப்பதற்குக் காரணமே அவர் நல்லவராக இருந்ததுதான்.

அந்தக் காலத்தில் ஸ்டுடியோவில் இருந்தது பல்பு போடுகிற ப்ளாஷ். ஒரு படத்துக்கு ஒரு பல்பு. ஒருமுறை எரிந்தால் அதன் ஆயுள் தீர்ந்தது. கொதிக்கிற பல்பைத் துணியால் பிடித்துக் கழற்றிவிட்டு அடுத்ததைத் திருக வேண்டும். கல்யாண வீட்டு அவசரத்தில் அண்ணன் விரலைச் சுட்டுக்கொண்டு வருவார். ஒருநாள் அண்ணி மஞ்சள் குழைத்துப் போட்டுக்கொண்டே, "வூட்ல சும்மா குந்திகினு இருக்கறவள கூட்டிகினு போறதுதான?" என்றாள். அவள் சொன்னது குத்தலுக்கு. அண்ணன் நிஜமாகவே கூட்டிக்கொண்டு போனார். பல்பு மாற்றிக் கொடுப்பதும், வயரின் நீளத்துக்கு ப்ளாஷைத் தூக்கிப் பிடிப்பதும் என் வேலை.

முதல் கல்யாணமே தறிக்காரர் வீட்டுக் கல்யாணம். முகூர்த்த நேரம் நெருங்கி, நாதஸ்வரக்காரர் வாசிப்பை மாற்றத் தயாராக இருந்தார். மணவறைக்கு எதிரே ப்ளாஷைத் தூக்கிக்கொண்டு நான் நின்றேன். மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருத்தி என் வெள்ளைப் புடவையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி, "தாலி கட்டற நேரத்துல இவ இன்னாத்துக்கு எதிர்ல நிக்கறா? போட்டோக்காரருக்கு வேற ஆளே கெடைக்கலியா?" என்றாள். நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் கண்ணால் தூணைக் காட்டினார்.

தூணோரம் போய் நின்றேன். வயர் முழுக்க இழுபட்டு நின்றது. யார் கண்ணிலும் படக்கூடாது என்று ப்ளாஷைக்கூட மணவறைப் பக்கம் காட்டாமல் என் பக்கமே திருப்பிக்கொண்டேன். கெட்டிமேளம் கொட்ட, அண்ணன் பட்டனை அழுத்த, என் கையில் பல்பு எரிந்தது. அந்த வெளிச்சம் முழுக்க என் முந்தானை மேல் விழுந்து, அங்கிருந்து மணப்பெண்ணிடம் போனது.

மறுநாள் இருட்டறையிலிருந்து அண்ணன் கூப்பிட்டார். தொட்டித் தண்ணீரில் அந்தப் படம் மிதந்துகொண்டிருந்தது. வழக்கமாக எங்கள் படங்களில் பெண்ணின் முகம் சுண்ணாம்பு அடித்த சுவராக இருக்கும். ஜரிகை வெளுத்துப்போய்ப் புடவையில் வெள்ளைக் கோடாக நிற்கும். தலைக்குப் பின்னால் கறுப்பாக நிழல் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தப் படத்தில் ஒரு கன்னம் பிரகாசமாகவும் மறு கன்னம் மங்கலாகவும் இருந்தது. குனிந்த கண்ணின் இமை தெரிந்தது. கறுப்பு வெள்ளைப் படத்திலும் பட்டு பட்டாகவே தெரிந்தது. "இன்னா பண்ண நீ?" என்றார். "ஒண்ணும் பண்ணலண்ணா. நீ சொன்ன எடத்துல நின்னேன்" என்றேன். படத்தை வாங்க வந்த பெண்ணின் மாமன் அதைப் பார்த்து, "அட, எங்க பொண்ணுக்கு மூக்கு இருக்குதுன்னு இப்பதான்யா தெரியுது!" என்று கடையே சிரிக்கும்படி சொன்னார். அவர் போனபிறகு அண்ணன் என்னிடம் சொன்னது இன்றைக்கும் அதே குரலில் கேட்கிறது. "இனிமே நீ அங்கியே நில்லு. உனக்கும் பேச்சு வராது, எனக்கும் படம் வரும்."

எனக்குக் கொடுத்த இடம் தூணோரம் என்று ஆகிவிட்டது. சரி, அந்த இடத்திலிருந்து என்னவெல்லாம் செய்ய முடியும் என்று பார்த்துவிடுவோம் என்று இறங்கினேன். முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் தறியில் உட்கார்ந்து நெய்த கூலியில் ப்ளாஷ் வாங்கினேன். நகை வாங்க எனக்கு வேலை இல்லை. வேலூர் பாய் கடையில் பழையது வந்தால் ஆளிடம் சொல்லி அனுப்புவார். கிண்ண ப்ளாஷ் அப்படி வந்ததுதான். அதன் பேட்டரிப் பெட்டியைத் தோளில் மாட்டினால் ஒரு பக்கம் சாய்ந்துபோவேன். அப்புறம் கைக்கு அடங்குகிற சின்னது இரண்டு. அப்புறம் ஒரு ப்ளாஷ் அடித்ததும் அதைப் பார்த்து இன்னொன்றையும் அடிக்க வைக்கிற கண் ஒன்று. வயரே வேண்டாம் என்று பாய் சொன்னபோது நான் நம்பவில்லை. கடைக்குள் ஒன்றை வைத்துவிட்டு வாசலில் நின்று இன்னொன்றை அடித்துக் காட்டினார். பக்கத்துக் கடைக்காரர் மின்னல் என்று நினைத்து எட்டிப் பார்த்தார்.

ப்ளாஷின் முதுகில் இருந்த அளவெல்லாம் இங்கிலீஷில் இருந்தது. எனக்குத் தெரிந்த அளவு முழம்தான். இந்த ப்ளாஷுக்கு இத்தனை முழம், முந்தானையில் பட்டுத் திரும்பினால் அதில் பாதி என்று நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். கேமராவில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற வளையம் டக் டக் என்று நிற்கும் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் 'பல்' என்று பெயர் வைத்தேன். தூணோரத்திலிருந்து நான் ஒரு விரல் காட்டினால் அண்ணன் ஒரு பல் திறப்பார். இரண்டு காட்டினால் இரண்டு. கூட்டத்தில் இருந்தவர்கள் நான் தாகத்துக்குத் தண்ணீர் கேட்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

பட்டின் மேல் வெளிச்சம் போடுவது எனக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதாக இல்லை. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் ஓட்டி நெய்த மயில்கழுத்துப் புடவையைத் தறியிலேயே எத்தனை முறை சாய்த்துச் சாய்த்துப் பார்த்திருக்கிறேன். நேரே பார்த்தால் நீலம், சாய்த்தால் பச்சை. பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தால்தான் இரண்டும் தெரியும். கலர் பிலிம் வந்த பிறகு இன்னொன்றையும் கற்றுக்கொண்டேன். எந்தத் துணியில் பட்டு வெளிச்சம் திரும்புகிறதோ அந்தத் துணியின் சாயம் முகத்தில் ஏறிவிடும். பச்சைத் துணியில் பட்டால் பெண் நோயாளியாகத் தெரிவாள். வெள்ளையில் பட்டால்தான் முகம் முகமாக இருக்கும். எனக்கு வெள்ளையைத் தேடிப்போக வேண்டியதில்லை. ஊர் எனக்கு உடுத்திவிட்டிருந்தது. முந்தானையை முழங்கை மேல் விரித்துப் பிடித்து அதில் அடிப்பேன். எதிரே வந்தால் ஆகாது என்று யாரைத் தள்ளி நிறுத்தினார்களோ, அவள் புடவையில் பட்டுவந்த வெளிச்சத்தில்தான் இந்த ஊரில் ஒரு தலைமுறைப் பெண்கள் தாலி வாங்கியிருக்கிறார்கள். அந்தப் படங்கள் இன்றைக்கும் அவர்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கின்றன.

ஒருமுறை களம்பூர் பக்கம் ஒரு கிறிஸ்தவர் வீட்டுக் கல்யாணம். நான் மாதா கோயில் தூணைத் தேடிக்கொண்டு ஓரமாகப் போனேன். பங்குச் சாமியார், "ஏம்மா அங்க போறீங்க? முன்னால வந்து நில்லுங்க. கொழந்தைங்க கண்ணுக்கு நேரா மட்டும் அடிக்காதீங்க, அழுவுதுங்க" என்றார். முன்னால் போய் நின்றேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பெண்ணின் அம்மா என் கையைப் பிடித்துக்கூடப் பேசினார். ஆனால் அங்கிருந்து அடித்தால் வெளிச்சம் பெண்ணின் மூக்குக்கு நேராகத்தான் விழும். மோதிரம் மாற்றும் நேரத்துக்கு நானே நகர்ந்து தூணோரம் போய்விட்டேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது. நின்றது அதே தூணோரம்தான். பார்க்கிறவர்களுக்கு எந்த வித்தியாசமும் இல்லை. நிற்கிறவளுக்கு இருந்தது.

வீடியோ வந்தபோது அதற்கான விளக்கையும் பிடித்தேன். முகத்தில் அனல் அடிக்கும், வேர்வையில் புடவை ஒட்டிக்கொள்ளும். சென்னையிலிருந்து வந்த வீடியோக்காரர் ஒருவர், "லைட் பாய் எங்கப்பா? ஜல்தி வரச் சொல்லு" என்று கத்தினார். "நான்தாங்க லைட் பாய், இன்னா வேணும்?" என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னைக் கல்யாணம் முடியும்வரை 'மேடம்' என்றார்.

அண்ணனுக்குப் பேர் வளர்ந்தது. திருவண்ணாமலை, போளூர், வந்தவாசி என்று ஆட்கள் தேடி வந்தார்கள். 'ஆரணிக்காரர் வெளிச்சம்' என்று அதற்கு ஒரு பேரே வந்துவிட்டது. வேலூரில் போட்டோக்காரர்கள் கூட்டம் போட்டு அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். என்னையும் கூட்டிப் போனார். மேடையில் காட்டுவதற்குக் கேமராவும் ப்ளாஷும் வேண்டும், பையை நான்தான் சுமப்பேன். கடைசி வரிசையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். படங்களைப் பெரிதாகப் போட்டுக் காட்டினார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். ஒரு இளைஞர் எழுந்து மைக்கில், "சார், அந்தக் காலத்துலயே இந்த வெளிச்சத்த எப்படி சார் கொண்டாந்தீங்க?" என்று கேட்டார். கேள்வி அவரிடம் கேட்டது, பதில் என் மடியில் இருந்தது. என் பேரைச் சொல்ல வேண்டாம். கடைசி வரிசைப் பக்கம் ஒருமுறை கை காட்டினால் போதும் என்றிருந்தது. அண்ணன் சால்வையைச் சரிசெய்துகொண்டு, மேலே பார்த்து, "நம்ம கையில இன்னா இருக்குது தம்பி? எல்லாம் ஆண்டவன் போட்ட வெளிச்சம்" என்றார். அதற்கும் கை தட்டினார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஊர் எல்லை வந்ததும் கேட்டேன். "ஏண்ணா, ஆண்டவன் எந்தத் தூணோரம் நின்னாரு? வெள்ளப் பொடவ கட்டிகினு இருந்தாரா?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "மேடையில வேற இன்னா சொல்லச் சொல்ற? என் தங்கச்சி, தாலியறுத்தவ, அவ முந்தானையில பட்ட வெளிச்சத்துலதான் உங்க பொண்ணுங்க எல்லாம் சிரிக்குதுங்கன்னு சொல்லவா? அப்பறம் ஒருத்தன் நம்மள கூப்புடுவானா?"

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. பொய்யாக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக்கூடாது என்று அவர் நினைத்தாரோ, அல்லது என் வாய் இனி எங்கேயாவது திறந்துவிடும் என்று பயந்தாரோ தெரியாது. அடுத்த மாதமே சென்னையிலிருந்து ஒரு இரும்பு ஸ்டாண்டு வாங்கி வந்தார். மூன்று காலில் நிற்கும், ஆள் உயரத்துக்கு இழுக்கலாம். தலையில் ப்ளாஷை மாட்டி, பக்கத்தில் ஒரு வெள்ளைக் குடையைச் செருகினால் தீர்ந்தது. "உனக்கும் காலு வலிக்குது, எத்தினி வருசம்தான் நிப்ப? இனிமே வூட்ல இரு" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். ப்ளாஷ் புதிதாக வாங்கவில்லை. என் கிண்ண ப்ளாஷையே கேட்டார். கொடுத்தேன். அதற்குப் பிறகு என் ப்ளாஷ் கல்யாணங்களுக்குப் போனது, நான் போகவில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு ஸ்டுடியோவில் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வைத்தோம். நான்தான் துடைத்தேன். அண்ணன் கேமராவுக்குச் சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார். அப்புறம் புது ஸ்டாண்டின் கழுத்தில், அழுத்தி, நல்ல பெரிய பொட்டாக ஒன்று வைத்தார். அண்ணி அதற்குக் கதம்பம் சுற்றினாள். நான் வாசற்படிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த முகூர்த்தத்தில் அந்த ஸ்டாண்டை மணவறைக்கு எதிரிலேயே நிறுத்தினார்களாம். அதற்குத் தாலி இல்லையே என்று ஒருவரும் கேட்கவில்லை.

படங்கள் எப்படி வந்தன என்று கேட்பீர்கள். நன்றாகத்தான் வந்தன. நான் இல்லாவிட்டால் படம் கெட்டுவிடும், அண்ணன் ஓடி வருவார் என்று கொஞ்ச நாள் காத்திருந்தேன். கெடவில்லை. எனக்கு மட்டும் ஒன்று தெரிந்தது. தாலி ஏறும்போது பெண் தலையைக் குனிவாள். அப்போது என் கை தானாக ஒரு சாண் இறங்கும், வெளிச்சம் அவள் கண்ணுக்குள் போய்விடும். ஸ்டாண்டு குனியாது. அதற்குப் பிறகு வந்த படங்களில் பெண்களின் கண்ணில் கொஞ்சம் இருட்டு இருந்தது. ஒரு வீட்டிலும் யாரும் அதைக் குறை சொல்லவில்லை.

"படமே எடுக்காதவ இன்னாத்துக்கு இத்தினி ப்ளாஷ் வெச்சிகினு இருக்கா, தட்டுமுட்டு சாமானாட்டம்" என்று அண்ணி கேட்டாள். நான் அதற்குப் பிறகும் வாங்கினேன். அண்ணன் கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தியபோது கிண்ண ப்ளாஷும் என்னிடமே திரும்பி வந்தது. கடைசிக் காலத்தில் அண்ணன் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். ஒருமுறை நான் சாப்பாடு கொண்டு போனபோது பக்கத்தில் இருந்தவரிடம், "என் தங்கச்சி. ப்ளாஷ் நல்லா புடிப்பா" என்றார். மழைக்குக் குடை பிடிப்பதைப் போல. அவ்வளவுதான் அவர் வாயிலிருந்து வந்தது. புதுக்கடையில் மாலை போட்டு மாட்டியிருக்கிற அவர் படம் நான் போட்ட வெளிச்சத்தில் எடுத்தது, ஸ்டாண்டு வருவதற்கு முன்னால். ஒரு கன்னம் பிரகாசமாக, ஒரு கன்னம் மங்கலாக, ரொம்ப நல்ல மனிதராகத் தெரிகிறார்.

நேற்று மறுபடி அமாவாசை. அண்ணன் மகன் அட்டைப்பெட்டியோடு வந்தான். பாயில் கிண்ண ப்ளாஷின் சத்தம் ஏறிக்கொண்டிருந்தது.

"இன்னுமா வேல செய்யுது அத்தை? சூப்பருங்க!"

"மாசாமாசம் ஏத்தணும். உன் கடையில யாரு ஏத்துவாங்க?"

"அந்தப் பேஜாரெல்லாம் இன்னாத்துக்குங்க? சும்மா ஷோவுக்குத்தான. பேட்டரியே வேணாம்."

"செத்துடும்டா."

"செத்தா இன்னா அத்தை, கண்ணாடிக்குள்ளதான இருக்கப்போவுது."

என் வாழ்நாளில் நான் யாரிடமும் எதையும் கேட்டு நின்றதில்லை. நேற்று கேட்டேன். "அந்த அட்டையில என் பேரப் போடுவியா?"

அவன் சிரித்தான். அப்பாவின் சிரிப்பேதான். "உங்க பேரப் போட்டா வர்றவங்க எல்லாம் இது யாருன்னு கேப்பாங்க அத்தை. ஒவ்வொருத்தருக்கும் கதை சொல்லிகினு இருக்க முடியுமா? அப்பாதுன்னா ஒரே வரியில முடிஞ்சிடும். எல்லாம் நம்ம குடும்பத்துதுதான?"

இரண்டாம் முறை கேட்கிற வழக்கம் எனக்கு இல்லை. உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் இருந்த ஸ்டாண்டை எடுத்துவந்தேன். பழைய கடையை இடித்தபோது அதை இரும்புக்கடைக்குப் போட எடுத்து வைத்திருந்தார்கள். விரோதியாக இருந்தாலும் தெருவில் விட மனசு வராமல் நான்தான் வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

"இந்தா, இத எடுத்துகினு போ. வெளிச்சமெல்லாம் நான் வாங்குனது. உங்கப்பா வாங்குனது இது ஒண்ணுதான். நடுவுல வை. அட்டைய மாத்த வேணாம், ப்ளாஷுங்கற எடத்துல மட்டும் ஸ்டாண்டுன்னு எழுதிடு."

அவனுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. வெறும் பெட்டியோடு போவதற்கு இது மேல் என்று நினைத்தானோ என்னவோ, வாங்கிக்கொண்டான். கழுத்தைத் தடவிப் பார்த்து, "இன்னா அத்தை செகப்பா இருக்குது? துருவா?" என்றான்.

"உங்கப்பா வெச்ச பொட்டு. தொடச்சிடாத."

அவன் வண்டிச் சத்தம் தெரு முனையைத் தாண்டியபோது பாயில் இருந்த ப்ளாஷின் முதுகில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வழக்கமாகச் சுவரைப் பார்த்துத்தான் அடிப்பேன். நேற்று என்னவோ முந்தானையை விரித்து முழங்கை மேல் போட்டுக்கொண்டு, கிண்ணத்தை என் பக்கம் திருப்பினேன். கை பழைய இடத்துக்குத் தானாகப் போனது. அழுத்தினேன். வெளிச்சம் வெள்ளையில் பட்டு என் முகத்துக்கு வந்தது. இத்தனை வருஷத்தில் எனக்காக நான் போட்டுக்கொண்ட வெளிச்சம் அது ஒன்றுதான். எதிரே கேமரா இல்லை. கண்ணுக்குள் சற்று நேரம் பச்சையாக மிதந்துவிட்டு மறைந்தது. ப்ளாஷை அணைத்து, பட்டுத் துண்டில் சுற்றி, கீழ்த்தட்டில் வைத்தேன்.